பெயின்ட்டைப் பார்த்துக் கடன் கிடைக்காது: ராமநாதபுரம் கடலோர மறுவிற்பனை வீடுகளுக்கான வீட்டுக் கடன் சேவைகள், ஒரு மதிப்புரை

கீழக்கரை, உச்சிப்புளி, மண்டபம், தேவிபட்டினம், தொண்டி என்று கடலோரம் நெடுகப் பழைய வீட்டை வாங்கிச் சீர்செய்து விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். வீடு பிடித்துப்போய் முன்பணம் கொடுக்க ஆள் வருவதில் சிக்கலில்லை. அந்த ஆளுக்கு வீட்டுக் கடன் கிடைப்பதில்தான் வியாபாரம் நின்றுபோகிறது. அதனால் இந்த மதிப்புரை வட்டி எங்கே குறைவு என்ற பட்டியல் அல்ல. பழையதைப் புதுப்பித்த வீடு என்று தெரிந்தபின் எந்த வகை நிறுவனம் எப்படி நடந்துகொள்கிறது, ஏன் அப்படி என்பதுதான் விஷயம். பெயர் சொல்லி யாரையும் உயர்த்தவோ தாழ்த்தவோ இல்லை. ஒரே வங்கியின் ராமநாதபுரம் கிளையும் ராமேஸ்வரம் கிளையும் ஒரே ஃபைலுக்கு வேறு வேறு பதில் சொல்லக்கூடும். எனவே வகைவாரியாகப் பார்ப்பதே நியாயம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பத்திரமும் பிளானும் சுத்தமாக இருந்தால் பொதுத்துறை வங்கியைத் தவிர வேறெங்கும் போக வேண்டியதில்லை. நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) மனை, வருமானவரிக் கணக்கு இல்லாத வாங்குபவர் என்றால் வீட்டுவசதி நிதி நிறுவனம்தான் வழி, விலை கூட. தனியார் வங்கிகள் நகராட்சி எல்லைக்குள் கெட்டி, அதைத் தாண்டினால் சுணக்கம்.

எந்த வகையானாலும் மதிப்பீடு என்ற முதல் கல்லில் எல்லோருக்கும் கால் இடறுகிறது. பேசிய விலைக்கும் மதிப்பீட்டாளர் போடும் விலைக்கும் எது குறைவோ அதற்குத்தான் கடன். ஒரு மாதிரிக் கணக்கு: 4 சென்ட் மனை, 1,000 சதுர அடி கான்கிரீட் வீடு, வயது 30. மனை சென்ட் 5 லட்சம் என்றால் 20 லட்சம். இன்று புதிதாகக் கட்டச் சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று கொண்டால் கட்டடம் 20 லட்சம். 60 ஆண்டு ஆயுளில் பாதி போய்விட்டதால், 10 சதவீத மிச்ச மதிப்பைக் கழித்து, தேய்மானம் 45 சதவீதம், அதாவது 9 லட்சம். நிற்பது 11 லட்சம். மொத்தம் 31 லட்சம். நீங்கள் கிரானைட் மேடையும் ஃபால்ஸ் சீலிங்கும் போட்டு 40 லட்சம் சொல்கிறீர்கள், வாங்குபவரும் சரி என்கிறார். வங்கி 80 சதவீதம் தருவதாக வைத்தால் கிடைப்பது 24.8 லட்சம். அவர் எதிர்பார்த்தது 40-இல் 80 சதவீதம், 32 லட்சம். 7.2 லட்சம் துண்டு விழுகிறது. இதற்கு மேல் முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 3.6 லட்சம் கைக்காசு. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு 90, 30 முதல் 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 சதவீதம் என்பது உச்சவரம்பு. பழைய வீட்டுக்கு அந்த உச்சத்தை எட்டவேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. வீட்டு விலை 10 லட்சத்தைத் தாண்டினால் பத்திரச் செலவை அந்தக் கணக்கில் சேர்க்கவும் முடியாது.

புதுப்பித்த செலவு மதிப்பீட்டில் ஏறவே ஏறாது என்றில்லை. மாடுலர் கிச்சனும் அலங்கார விளக்கும் ஏறாது. மறுகூரை, புதிய தூண், புது வயரிங், அனுமதி பெற்றுக் கூட்டிய அறை ஓரளவு ஏறும், கையில் அத்தாட்சி இருந்தால். ஜி.எஸ்.டி. பில், வேலைக்கு முன்னும் பின்னும் தேதியோடு எடுத்த படங்கள், பட்டம் பெற்ற பொறியாளர் தரும் உறுதிச்சான்று ஆகியவற்றை மதிப்பீட்டாளர் வரும் அன்றே கொடுக்க வேண்டும். அறிக்கை போனபின் கொடுத்தால் அதை மாற்ற எழுதுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். கட்டடத்தின் வயதை நீங்கள் சீர்செய்த ஆண்டிலிருந்து எண்ண மாட்டார்கள்; வீட்டு வரி முதலில் விதிக்கப்பட்ட ஆண்டு அல்லது பிளான் தேதிதான் கணக்கு. மிச்ச ஆயுளைவிட ஐந்து ஆண்டு குறைத்துத்தான் தவணைக் காலம் தருவது பல இடங்களில் வழக்கம். 40 வயது வீடென்றால் தவணை 15 ஆண்டுக்குச் சுருங்கி, மாதத் தவணை ஏறி, வாங்குபவரின் சம்பளத் தகுதி அடிபடும். ஓட்டு வீடு, மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின்மேல் செங்கல் தளம்), கீழக்கரை பக்கத்துப் பழைய பவளக்கல் சுவர் வீடு என்றால் மனைக்கு மட்டும் மதிப்பு போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

கடலோரத்துக்கென்று ஒரு தனிச் சங்கடம் உப்பு. இந்திய தரக் குறியீடு 456:2000 கடற்காற்று நேராகப் படும் கான்கிரீட்டுக்கு எம் 30 தரமும் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் மூடலும் கேட்கிறது. கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உவர் போர்த் தண்ணீரில் கலந்து, கம்பியைப் பலகைமேல் கிடத்தி ஊற்றிய பழைய கூரையில் இது எதுவும் இருக்காது. மதிப்பீட்டாளர் பார்க்கும் இடங்கள் தெரிந்தவைதான்: போர்ட்டிகோவின் அடிப்பக்கம், சன்ஷேடு நுனி, குளியலறைக்கு மேல் தளம், மாடிப்படி அடிவயிறு. அங்கே மட்டும் புதுப் புட்டி மின்னினால் தட்டிப் பார்ப்பார். ஓட்டைச் சத்தம் கேட்டால் மதிப்பு விழும், சில நேரம் ஃபைலே திரும்பும்.

இதற்கு ஒப்பேற்றுப் பூச்சு உதவாது. பெயர்ந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்புறம் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி எடுத்து, துருவைக் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்து, கால் பங்குக்கு மேல் தேய்ந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, துத்தநாகப் பிரைமர் அடித்து, பிணைப்புக் கலவை பூசி, பாலிமர் கலந்த சாந்தால் அடுக்கடுக்காக மூட வேண்டும். துரு இருக்கும்போதே மேலே சிமென்ட் அப்பினால் துருவின் பருமன் கூடிக்கொண்டே போய், ஓரிரு மழைக்காலத்தில் அதே இடம் மறுபடி பெயரும். நீங்கள் பணத்தை வாங்கிப் போயிருப்பீர்கள், திட்டு மட்டும் ஊரில் நிற்கும்.

இனி ரொக்கம். கைடுலைன் விலைக்கு (அரசு வழிகாட்டி மதிப்புக்கு) பத்திரம், மிச்சம் கையில் என்ற பழக்கம் கடன் வாங்கும் ஆளோடு ஒத்துப்போகாது. வங்கி பத்திரத்தில் உள்ள தொகைக்கு மேல் தராது. 40 லட்சத்தை 26 என்று எழுதினால் கடன் 26-ஐ ஒட்டித்தான் வரும். மிச்சத்தை வாங்குபவர் எங்கே தேடுவார்? 20,000 ரூபாயோ அதற்கு மேலோ முன்பணத்தை ரொக்கமாக வாங்கினால் அதே அளவு தண்டம் விதிக்க வருமானவரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. கடனில் விற்க நினைப்பவர் வாங்கும்போதே முழு விலைக்குப் பத்திரம் போட்டுக்கொள்வதுதான் பிழைப்பு. 18-க்கு எழுதி வாங்கி, எட்டு மாதத்தில் 40-க்கு எழுதி விற்றால் ஈ.சி.யில் (வில்லங்கச் சான்றில்) இரண்டும் அடுத்தடுத்து நின்று கண்ணைக் குத்தும். வாங்கி இத்தனை மாதம் கழித்துத்தான் விற்கலாம் என்று இங்கே சட்டம் ஏதும் இல்லை. ஆனால் அப்படி ஒரு ஏற்றத்தைப் பார்த்ததும் பொதுத்துறை வங்கிகள் இரண்டாவது மதிப்பீடு கேட்பது சகஜம். மேலே சொன்ன பில்களும் படங்களும் அங்கேயும் கைகொடுக்கும்.

9 சதவீதத்தை மிச்சப்படுத்த, தன் பெயருக்குப் பத்திரம் போடாமல் பழைய உரிமையாளரிடம் அக்ரிமெண்டும் பவரும் (அதிகாரப் பத்திரம்) வாங்கி நேராக அடுத்தவருக்கு விற்கும் வழியும் இருக்கிறது. ரொக்கக்காரருக்கு விற்க அது ஓடும், கடன்காரருக்கு ஓடாது. பவரால் உடைமை மாறாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. குடும்பத்தாரல்லாத ஒருவருக்கு விற்பனை அதிகாரம் கொடுத்தால் 2023 ஜூலை 10 முதல் பதிவுக் கட்டணமே சந்தை மதிப்பில் 1 சதவீதம். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் கேட்பார்கள். இவை எல்லாவற்றையும் தாண்டினாலும் வங்கியின் டி.டி. (வரைவோலை) பத்திரப்படி உரிமையாளர் பெயருக்குத்தான் வரும். உங்கள் லாபம் அவர் கணக்கில் போய் உட்கார்ந்துவிட்டால், கேட்டு வாங்குவது உங்கள் சாமர்த்தியம்.

பத்திரக் கட்டு

கடலோர ஊர்களில் வீடுகள் பெரும்பாலும் நத்தம். இதில் வாழ்கிறவருக்கு உரிமை உண்டு என்பது வேறு. வங்கிக்குத் தேவை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு வந்த தொடர். மூன்று தலைமுறை குடியிருந்த வீட்டுக்குத் தாய்ப்பத்திரமே இருக்காது. நத்தம் பட்டா மட்டும் நீட்டினால் பொதுத்துறை வங்கியின் பேனல் (வங்கி நியமித்த) வக்கீல் கையெழுத்துப் போடத் தயங்குவார். தூய நத்தம் பட்டா, பழைய வீட்டு வரி ரசீதுகள், வாரிசுச் சான்று, வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து போட்ட செட்டில்மெண்ட் அல்லது விடுதலைப் பத்திரம், அதன்பின் உங்கள் கிரயம், இந்த வரிசை இருந்தால் பேச்சு வேறு. முப்பது ஆண்டு ஈ.சி. கேட்பது வழக்கம், அந்தக் கால இடைவெளியை நிரப்புவது இந்தக் காகிதங்கள்தான்.

பழைய பத்திரங்களில் கிழமேல் இத்தனை ஜாதியடி, தென்வடல் இத்தனை ஜாதியடி, நான்குமால் (நான்கு எல்லை) இன்னார் வீட்டுக்குக் கிழக்கு என்றுதான் எழுதியிருக்கும். சர்வே எண் இருக்காது, இருந்தாலும் பழைய எண்ணாக இருக்கும். மதிப்பீட்டாளர் டேப் பிடித்து அரை சென்ட் குறைந்தால் சட்டக் கருத்தும் மதிப்பீடும் முட்டிக்கொள்ளும். பிழைத்திருத்தல் பத்திரம் போட எழுதிக்கொடுத்தவர் கையெழுத்து வேண்டும். அவர் மலேசியாவுக்கோ துபாய்க்கோ விமானம் ஏறுவதற்கு முன்பு, நீங்கள் வாங்கும் அன்றே அளந்து சரிசெய்வதைப் போல மலிவான வேலை இந்தத் தொழிலில் வேறில்லை. கூட்டுப்பட்டாவில் இருந்தால் உட்பிரிவுக்கும் அப்போதே மனுப் போட்டுவிடுங்கள்.

கீழக்கரையில் வீடு மகளுக்குப் போவது வழக்கம். பல வீடுகள் வாய்மொழி ஹிபாவாக, அதாவது தானமாகக் கைமாறியவை. முஸ்லிம் தனிச்சட்டப்படி அது செல்லும், ஆனால் ஈ.சி.யில் ஒரு வரியும் வராது. வங்கிக்கு ஈ.சி.யில் இல்லாதது இல்லாததுதான். கொடுத்தவர் உயிரோடிருந்தால் பதிவு செய்த உறுதிப் பத்திரம், இல்லையென்றால் வாரிசுகள் அனைவரின் விடுதலைப் பத்திரம் வாங்காமல் சுத்தியலைத் தூக்காதீர்கள். அதே தெருக்களில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரும், வண்டி நுழையாத முடுக்கும் இருக்கின்றன. பொதுச் சுவரைப் பத்திரத்தில் குறிப்பிடாமல் விட்டால் மதிப்பீட்டாளரின் கேள்வி வரும். முடுக்குக்குள் இருக்கும் வீட்டுக்கு மதிப்பு இயல்பாகவே குறையும், அதற்கு மருந்தில்லை.

மனை ரெவின்யூ கணக்கில் இன்னும் புஞ்சையாகவே இருந்தால் யாரிடம் போனாலும் கதவு மூடும். நீதிமன்றம் போகாமலே அடமானத்தை எடுக்க வங்கிக்கு உதவும் சர்ஃபேசி சட்டத்தை விவசாய நிலத்தின் மீது பிரயோகிக்க முடியாது. தவணை நின்றால் வீட்டை எடுக்க முடியாது என்று தெரிந்தே யார் கடன் கொடுப்பார்? அங்கீகாரமற்ற மனைப்பிரிவில் 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனையென்றால் வரன்முறைப்படுத்திய ஆணை கையில் இருக்க வேண்டும். அரசு ஒப்படைப் பட்டா, பஞ்சமி நிலம், வக்ஃபு, கோயில் நிலம் என்று சந்தேகம் எழுந்தால் கடனை விடுங்கள், வாங்குவதையே விடுங்கள்.

பிறகு கடல். 2011-ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி ஊரகப் பகுதிகளில் உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தின் உச்சக் கோடு) 200 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது. ஏற்கெனவே அனுமதியோடு நிற்கும் வீட்டைப் பழுதுபார்க்கலாம், திரும்பக் கட்டலாம்; தரைப்பரப்பும் தளப்பரப்பு விகிதமும் கூடக் கூடாது. கடல் தெரியட்டும் என்று மாடியில் ஓர் அறை எழுப்புகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். 2019 அறிவிக்கை மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161-க்கு மேல் உள்ள ஊரகப் பகுதிக்கு அந்தத் தூரத்தை 50 மீட்டராக்கியது; ஆனால் அதன்படி வரைந்த வரைபடம் ஒப்புதல் பெற்ற இடத்தில்தான் அது செல்லும். புரோக்கர் 50 மீட்டர் என்றால் வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அனுமதியில்லாத மாடிக்கு மதிப்பு சுழி. சில வங்கிகள் அந்த மாடிக்காகவே மொத்த வீட்டையும் மறுக்கும். ராமேஸ்வரத்தில் இன்னொரு கோளாறு: அறைக்கு அறை குளியலறை வைத்து, வரவேற்பு மேசை போட்டுவிட்டால் மதிப்பீட்டாளர் அதை லாட்ஜ் என்றுதான் எழுதுவார். லாட்ஜுக்கு வீட்டுக் கடன் கிடையாது.

யாரிடம் போவது

பொதுத்துறை வங்கியின் பெரிய பலம் வட்டி வெளிப்படையாக இருப்பது. 2019 அக்டோபர் முதல் வங்கிகளின் புதிய மிதக்கும் வட்டிக் கடன்கள் ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது திருத்த வேண்டும். 2025-இல் ரெப்போ 6.50-இலிருந்து 5.25-க்கு இறங்கியபோது அந்தப் பலன் வாடிக்கையாளருக்குக் கைக்கு வந்தது. குறை, வேகம். வக்கீல், மதிப்பீட்டாளர், செயலாக்க மையம் என்று ஃபைல் நடந்துகொண்டே இருக்கும். ஒரு காகிதம் குறைந்தால் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். அக்ரிமெண்டில் மூன்று மாதக் கெடு போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள்.

தனியார் வங்கி ஒரு சில நாளிலேயே சாங்ஷன் (கடன் ஒப்புதல்) கடிதம் கொடுத்துவிடும். அதை நம்பி விற்பவர் மற்ற ஆட்களைத் திருப்பி அனுப்புவது அடிக்கடி நடக்கும் தவறு. அந்தக் கடிதம் ஆளுக்குக் கொடுத்த சம்மதம், வீட்டுக்குக் கொடுத்தது அல்ல. சட்டக் கருத்தும் மதிப்பீடும் அதற்குப் பின்னால்தான் வரும், அங்கேதான் நத்தமும் கிளையிலிருந்து தூரமும் குறுக்கே நிற்கும். வளைகுடா, சிங்கப்பூர் சம்பளக்காரர் ஃபைலைக் கையாள்வதில் மட்டும் இவர்கள் கை ஓங்கியிருக்கிறது. ஒப்பந்தக் கடிதம், விசா, என்.ஆர்.இ. (வெளிநாடுவாழ் இந்தியர்) கணக்கில் சம்பள வரவு, ஊரில் ஒரு பவர் ஏஜெண்ட் இருந்தால் வேலை நடக்கும். தூதரகத்தில் சான்று பெற்ற பவர் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

வீட்டுவசதி நிதி நிறுவனங்கள் மற்றவர்கள் விட்ட ஆளைப் பிடிக்கிறவர்கள். கருவாட்டு வியாபாரி, வலைக் கடைக்காரர், மளிகைக் கடைக்காரர் ஆகியோரிடம் வருமானவரிக் கணக்கு கேட்காமல், கடையில் உட்கார்ந்து அன்றாட விற்பனையை எண்ணித் தகுதி போடுவார்கள். நத்தம் பட்டாவையும் ஊராட்சி அனுமதியையும் பார்த்து மனமிறங்குவார்கள். இந்தக் கடற்கரையில் இந்தச் சேவை இல்லாவிட்டால் பாதி மறுவிற்பனை நடக்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விலையையும் பாருங்கள். 25 லட்சம், 20 ஆண்டு, 8.5 சதவீதம் என்றால் மாதம் சுமார் 21,700; 12 சதவீதம் என்றால் 27,500. ரெப்போவோடு கட்டவேண்டும் என்ற கட்டாயம் இவர்களுக்கு இல்லை, சொந்த அளவுகோல்தான். ஏறும்போது காட்டும் சுறுசுறுப்பு இறங்கும்போது இருக்காது. ஒரே தவணைக் காப்பீட்டுப் பிரீமியத்தைக் கடனிலேயே சேர்த்துவிடும் பழக்கமும் உண்டு. 2024 அக்டோபர் முதல் எல்லோரும் முக்கிய விவரத் தாள் தந்தாக வேண்டும். அதில் ஆண்டுச் செலவு வீதம் என்ற எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடுங்கள். ‘ஆறு மாதம் கட்டுங்கள், பிறகு பேங்குக்கு மாற்றிக்கொள்ளலாம்’ என்று வாங்குபவரிடம் சொல்வார்கள். எந்தக் குறைக்காக வங்கி முதலில் மறுத்ததோ அதே குறைக்காக மாற்றலையும் மறுக்கும். பத்திரத்தைச் சரிசெய்யாமல் அது நடக்காது. மிதக்கும் வட்டித் தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் இல்லை என்பது மட்டும் ஆறுதல்.

கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களைப் புதுப்பித்த மறுவிற்பனைக்கு நம்பியிருக்க வேண்டியதில்லை. உறுப்பினர் வரம்பும் கடன் உச்சவரம்பும் இந்த விலைக்குக் காணாது.

விற்பவரே கடனில் வாங்கியிருந்தால் கடைசிக் கட்டம் கவனமாகப் போக வேண்டும். உங்கள் வங்கியிடமிருந்து நிலுவைக் கடிதமும் கையிருப்பு ஆவணப் பட்டியலும் வாங்கிக் கொடுத்தால், வாங்குபவரின் வங்கி முதலில் அந்த நிலுவைக்கு டி.டி. எடுக்கும். கடன் தீர்ந்த 30 நாளுக்குள் மூலப்பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1-க்குப் பின் விதி. நிறுவனத்தின் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குச் சேர வேண்டியது. பத்திரம் கைக்கு வந்ததோடு வேலை முடியவில்லை. எம்.ஓ.டி. (பத்திரத்தை ஒப்படைத்த அடமானக் குறிப்பு) பதிவு ஈ.சி.யில் நின்றுகொண்டேயிருக்கும், ரசீதுப் பத்திரம் பதிவு செய்தால்தான் அது நீங்கும். மூன்றாவது வீட்டிலிருந்து தனிநபருக்குத் தரும் கடனை வங்கிகள் வணிக ரியல் எஸ்டேட் கணக்கில் வைக்க வேண்டும் என்பதால், அடுத்த வீட்டை வாங்க நீங்கள் கடன் கேட்கும்போது, பழைய கடன் தீர்ந்ததற்கு அத்தாட்சியாக இந்த ரசீது பதிவாகியிருக்கிறதா என்று அவர்கள் முதலில் பார்ப்பார்கள்.